எய்ட் ஆன் எய்டீன்: அடுத்து எந்தப் பந்தயம், எந்தத் தரை, பண்ணைக்கு எப்போது?

கிரேவில் பேரன் | டர்பன் | 8 ஜூலை 2025, காலை 6.10

சனிக்கிழமை மாலை இங்கே கிரேவில் திடலில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் முடிந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கூட்டம் கலைந்த பிறகும் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். தி ரியல் பிரின்ஸ் வென்றது முறையான வெற்றி. அதற்கு மனமாரக் கை தட்டினேன். ஆனால் என் கண்கள் இரண்டாவதாக வந்த எய்ட் ஆன் எய்டீனைத்தான் தேடின.

ஜனவரியில் கேப் டவுனின் கெனில்வொர்த் திடலில் மெட் பந்தயத்தை வென்றபோது அவனுக்கு வயது மூன்று. அதற்கு முன் மூன்று வயதில் மெட் வென்றது ஹார்ஸ் செஸ்ட்நட், 1999-இல். இடையில் 26 ஆண்டுகள். கேப் டெர்பியும் இவனுடையது. இங்கே வந்து டெய்லி நியூஸ் 2000-ஐயும் எடுத்துக்கொண்டான். பிறகு இந்த ஜூலைப் பந்தயத்தில் இரண்டாம் இடம். தோற்ற பந்தயத்திலும் அவன் மதிப்பு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 1 அன்று நம் தென்னாப்பிரிக்கக் குதிரைகளுக்கெல்லாம் ஒரு வயது கூடும். அவனுக்கு நான்கு. இனி மூன்று வழிகள். இங்கேயே இன்னொரு பருவம் ஓடலாம். டுபாய், ஹாங்காங் என்று வெளியே போகலாம். அல்லது இனவிருத்திக்கான பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போகலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவன் இன்னும் ஓராண்டு இங்கேயே ஓட வேண்டும். நான்கு வயதில் முழு வளர்ச்சி அடைந்த ஒரு நல்ல குதிரையை நம் மண்ணில் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி பறிபோகிறது. எல்லோரும் எழுதுங்கள்.


சாட்ஸ்வர்த் 25 | 8 ஜூலை, காலை 7.32

அண்ணா, நீங்கள் சொல்வது பாசம். நான் கணக்கு சொல்கிறேன். மெட் 2000 மீட்டர். கேப் டெர்பி 2000. டெய்லி நியூஸ் பெயரிலேயே 2000 இருக்கிறது. ஜூலை 2200. வென்ற மூன்றும் ஒரே தூரம், தோற்றது 200 மீட்டர் அதிகம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அடுத்த ஆண்டும் ஜூலைக்குக் கொண்டுவந்தால் அதிக எடையை அவன் முதுகில் ஏற்றுவார்கள். ஜூலை எடைச் சமன் பந்தயம். நல்ல குதிரையை எடை போட்டுத் தண்டிப்பதற்கென்றே உண்டான பந்தயம். வெளிநாட்டில் 1800, 2000 மீட்டரில் சம எடைக்கு ஓடினால் அவன் யார் என்று உலகத்துக்குத் தெரியும்.

லண்டன் நியூஸ் 1996-இல் இங்கே ஜூலை வென்றது. மறு ஆண்டே ஹாங்காங்கில் குயீன் எலிசபெத் கோப்பையை வென்றது. அதுவும் 2000 மீட்டர்தான். நமக்கு முன்னால் பாதை போட்டே வைத்திருக்கிறார்கள்.


கேப் தென்கிழக்கு | கேப் டவுன் | 8 ஜூலை, மதியம் 12.45

மதுரையிலிருந்து வேலைக்காக இங்கே வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கெனில்வொர்த்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மெட் அன்று நானும் திடலில் இருந்தேன். அதனால் தரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டுப் பெரிய பந்தயங்களின் நாட்காட்டியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் பெய்யும். அங்கே பெரிய பந்தயங்கள் கோடையில். டர்பனில் மழை கோடையில் பெய்யும். அங்கே பெரிய பந்தயங்கள் குளிர்காலத்தில். ஜோகன்னஸ்பர்கில் இடியும் மழையும் ஓயும் இலையுதிர்காலத்தில் டர்ஃபன்டைனில் சாம்பியன் பந்தயங்கள். சுருக்கமாகச் சொன்னால், நம் நல்ல குதிரைகள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நாட்டைச் சுற்றி வருகின்றன. மெட் நாளில் தென்கிழக்குக் காற்று ஒரு பக்கம் தரையை உலர்த்திக்கொண்டிருக்கும், மறு பக்கம் தண்ணீர் பாய்ச்சிப் பதம் சேர்ப்பார்கள்.

எடை விழும் கம்பியைத் தரையில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து பந்தயத்துக்கு முன் அறிவிப்பார்கள் அல்லவா? நம் பெரிய பந்தயங்களில் அந்த அளவு ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகையால் 'எந்தத் தரையிலும் ஓடுவான்' என்று நம் குதிரைக்குச் சான்றிதழ் எழுதுவது அவசரம். கேப் கோடையிலும் டர்பன் குளிரிலும் அவன் ஓடியது ஒரே குடும்பத்துத் தரைதான். அக்டோபரில் ஐரோப்பாவில் கணுக்கால் புதையும் தரையில் இறக்கினால் அது வேறு உலகம். டுபாய் பரவாயில்லை. ஹாங்காங் பரவாயில்லை. பாரிஸ் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒன்றில் மட்டும் அவனுக்கு முழு மதிப்பெண். கெனில்வொர்த் இடக்கை வளைவு, கிரேவில் வலக்கை வளைவு. இரண்டிலும் முதல் தரப் பந்தயம் வென்றிருக்கிறான். இதை யாரும் பேசுவதே இல்லை.


லாடக்காரர் | ஷாங்வேனி | 8 ஜூலை, இரவு 8.20

தம்பி சொன்ன கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் லாடம் அடித்தவன். இப்போது முதுகு குனிய மறுக்கிறது. ஆனால் கைக்கு எதுவும் மறக்கவில்லை.

ஒரு குதிரைக்கு எந்தத் தரை பிடிக்கும் என்று வம்சாவளியைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. நான் கழற்றிய லாடத்தைப் பார்த்துச் சொல்வேன். பயிற்சிக்குப் போடும் இரும்பு லாடம் மூன்று நான்கு வாரம் காலில் இருந்த பிறகு கையில் எடுத்தால் அதில் எல்லாம் எழுதியிருக்கும். முன்னுனி மட்டும் கத்திபோல் தேய்ந்திருந்தால் அவன் தரையைக் கீறித் தள்ளுகிறவன், பிடிமானம் தேடுகிறவன். அவனுக்குக் கொஞ்சம் மெத்தையான தரை வேண்டும். லாடம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அவன் புல்லைத் தடவிக்கொண்டு போகிறவன். காய்ந்த தரைதான் அவனுக்குச் சொர்க்கம். உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஒரு பக்க வளைவில் அவன் வலியை மறைக்கிறான் என்று அர்த்தம். இடக்கையிலும் வலக்கையிலும் ஒரே மாதிரி வளைந்து வெல்லும் குதிரையின் நான்கு லாடங்களையும் மேசையில் வரிசையாக வைத்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கும். அப்படிப்பட்டவை என் ஆயுளில் பத்துக்கு மேல் இராது.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். அகலமான, தட்டையான குளம்புள்ள ஒரு பெட்டைக் குதிரை. ஈரத் தரையில் மிதப்பாள். அவளுக்குக் குதிங்கால் பக்கம் நீளம் விட்டு அடிக்க வேண்டும் என்று சொன்னேன். பந்தய நாள் காலையில் அவசரம் அவசரமாக அலுமினியத் தகட்டைக் குட்டையாக வெட்டி அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். காய்ந்த தரை. 400 மீட்டர் மிச்சமிருக்கையில் அவள் தலையைத் தூக்கினாள். அதோடு அவள் ஓட்டம் முடிந்தது. மாலையில் குளம்பைத் தொட்டேன், கொதித்தது. அன்றிரவு வாளித் தண்ணீரில் அவள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை என்பது செய்தித்தாளில் வரும் சொல் இல்லை, அது அந்தச் சூடு.

எனவே, கேப் தம்பி, டுபாய் பரவாயில்லை என்று சுலபமாகச் சொல்லிவிட வேண்டாம். புல் வேறு, அடியில் இருக்கும் மண் வேறு. நம் கிக்குயு புல் பாய்போல் பின்னிக்கொண்டு வளரும். கால் விழும்போது தாங்கி, திருப்பிக் கொடுக்கும். அந்தப் பாயில் பழகிய குதிரை புதுத் தரையில் முதல் இரண்டு வாரம் சிறு அடியாக வைக்கும். போய் இறங்கிய மாதமே ஓட விடக் கூடாது.


மிட்லண்ட்ஸ் அக்கா | 9 ஜூலை, காலை 5.05

லாடக்கார மாமா எழுதியதை இரண்டு முறை படித்தேன். வணக்கம் மாமா.

நான் ஒரு குதிரைப் பண்ணையில் குட்டி ஈனும் பருவத்து இரவுப் பொறுப்பில் இருக்கிறேன். பண்ணை வழியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் காலக்கணக்கு. நம் நாட்டில் இனச்சேர்க்கைப் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. கருக்காலம் 11 மாதம். இந்த ஆண்டே அவன் பண்ணைக்குப் போனால் முதல் குட்டிகள் 2026 ஆகஸ்டு முதல் தரையில் விழும். அவை பந்தயத்துக்கு வர 2028 கடைசி ஆகிவிடும். அடுத்த ஆண்டு போனால் எல்லாமே ஓராண்டு தள்ளும். உயர்குலப் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு பெட்டையையும் நேரில் சேர்க்க வேண்டும். ஆகையால் ஒரு பருவத்தில் ஒரு பொலிகுதிரை சந்திக்கும் பெட்டைகளுக்கு உடல் விதித்த ஓர் எல்லை உண்டு. ஓராண்டை இழப்பது என்பது நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகளை இழப்பது.

அடுத்து வம்சம். தகப்பன் லங்காஸ்டர் பாம்பர். அவன் தகப்பன் வார் ஃப்ரன்ட். அவனுக்கு டான்ஸிக், அவனுக்கு நார்தர்ன் டான்ஸர். நம் பெட்டைகளில் ஜெட் மாஸ்டர் ரத்தம் ஏராளம். ஜெட் மாஸ்டரின் தகப்பன் ரக்கீன் நேராக நார்தர்ன் டான்ஸரின் மகன். எய்ட் ஆன் எய்டீனை ஜெட் மாஸ்டர் மகளோடு சேர்த்தால், பிறக்கும் குட்டிக்கு நார்தர்ன் டான்ஸர் தந்தை வழியில் ஐந்தாம் தலைமுறையிலும் தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் வருவான். டைனஸ்டியின் மகளோடு சேர்த்தால் ஐந்து, ஐந்து. நெருக்கமும் இல்லை, அன்னியமும் இல்லை. நமக்குக் கைகொடுத்த கலவை இது.

டைனஸ்டியைப் பாருங்கள். 2003-இல் ஜூலை வென்றான். இங்கேயே பண்ணைக்குப் போனான். அவன் மகன் லெஜிஸ்லேட் 2014-இல் அதே ஜூலையை வென்றான். க்ரேஸ் இன் 2004-இல் ஜூலை வென்றான். அவன் மகன்தான் சாம்பியன் லீகல் ஈகிள். ஜூலை வென்ற குதிரைகள் நம் மண்ணிலேயே தங்கியபோது அந்த விதை நம் மண்ணிலேயே முளைத்தது.

ஹார்ஸ் செஸ்ட்நட்டும் டைனஸ்டியும் ஒரே தகப்பனின் மக்கள். ஃபோர்ட் வுட் என்ற ஒரே மரத்துக் கிளைகள். ஹார்ஸ் செஸ்ட்நட் மெட்டை எட்டேகால் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றான், மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று கிரீடப் பந்தயங்களையும் வென்றான். அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2000 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஒரே ஒரு பந்தயம். அதையும் வென்றான். பிறகு காயம். கெண்டக்கியில் புகழ்பெற்ற பண்ணை, ஆனால் அங்குள்ள பெட்டைகளுக்கும் சந்தைக்கும் அவன் அன்னியன். எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. பிற்காலத்தில் திரும்பி வந்தான், 2015-இல் இங்கேயே கண் மூடினான். அவனுடைய நல்ல வயது முழுவதும் நம் பெட்டைகளுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பருவம் வரும்போதெல்லாம் நினைப்பேன்.

இந்தக் கதையால்தான் நான் வெளிநாட்டுக் கட்சியில் இல்லை.


சாட்ஸ்வர்த் 25 | 9 ஜூலை, காலை 8.15

அக்கா, ஹார்ஸ் செஸ்ட்நட் ஒரு கதை. எதிர்க் கதையும் இருக்கிறது. வெர்சிங்கெட்டோரிக்ஸ் இங்கே டெய்லி நியூஸ் 2000 வென்றான். பிறகு டுபாய் போய் ஜெபல் ஹட்டா வென்றான். 2014 டுபாய் டியூட்டி ஃப்ரீயில் ஜப்பானின் ஜஸ்ட் எ வே என்ற பேய்க்குப் பின்னால் இரண்டாவதாக வந்தான். முடிந்ததும் வீடு திரும்பிப் பண்ணையில் சேர்ந்தான். இன்று இந்த நாட்டின் முன்னணித் தகப்பன் குதிரை யார்? அவன்தான். வெளியே போனதால் அவன் மதிப்பு குறைந்ததா, கூடியதா? போவது தவறில்லை. திரும்பி வராததுதான் தவறு.

இப்பி டோம்பியும் நம் ஜூலை வென்ற மறு ஆண்டு, 2003-இல், அதே டுபாய் டியூட்டி ஃப்ரீயை வென்றாள். ஜே பெக் 2008-இல் வென்றான். 1800 மீட்டர் பக்கம் உள்ள பந்தயம். இவன் வேகத்துக்கு அளந்து தைத்த சட்டை.


மிட்லண்ட்ஸ் அக்கா | 9 ஜூலை, காலை 8.50

வெர்சிங்கெட்டோரிக்ஸ் விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி. ஏற்றுக்கொள்கிறேன். 'வீடு திரும்பும் பயணச்சீட்டோடு போகட்டும்' என்று என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன்.


போர்ட் லூயி வாசி | மொரீஷியஸ் | 9 ஜூலை, மாலை 4.30

கடல் தாண்டி ஒரு குரல். உங்கள் குதிரைகள் எங்களுக்கு அன்னியம் இல்லை. எங்கள் தீவில் பந்தயக் குதிரை வளர்ப்பு இல்லை. ஷான் தெ மார்ஸில் ஓடுபவை பெரும்பாலும் உங்கள் பண்ணைகளில் பிறந்தவைதான். 1812-இலிருந்து மலையடிவாரத்தில் பந்தயம் நடக்கும் திடல் அது. சுற்று சுமார் 1300 மீட்டர்தான், நேர்ப்பாதையும் மிகக் குட்டை. பெரிய அடி வைக்கும் குதிரை இங்கே வளைவிலேயே தொலைந்துபோகும். உங்கள் திடல்களில் நடுத்தரமாக ஓடிய குதிரை இங்கே ராஜாவாக வலம் வருவதைப் பார்த்திருக்கிறேன். திடலும் தரையும் குதிரையை மாற்றும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் டுபாய், ஹாங்காங் என்று பேசுகிறீர்கள். நடுவில் இருக்கும் பூச்சியை மறந்துவிட்டீர்கள். ஆப்பிரிக்கக் குதிரை நோய். கண்ணுக்கே தெரியாத கடிக்கொசு பரப்புகிறது. 2011-இல் கேப் பகுதியில் நோய் வந்தபோது ஐரோப்பாவுக்கு நேரடியாகக் குதிரை அனுப்புவது நின்றது. அதன் பிறகு பல ஆண்டுகள் உங்கள் குதிரைகள் எங்கள் தீவு வழியாகத்தான் போயின. முதலில் கெனில்வொர்த் தனிமைக் கூடத்தில் மூன்று வாரம், பிறகு இங்கே மூன்று மாதம்போல, போய்ச் சேரும் நாட்டில் மீண்டும் தனிமை. எவ்வளவு நல்ல குதிரையானாலும் இத்தனை மாதம் பந்தயம் இல்லாமல், பழகிய புல் இல்லாமல் நின்றால் உடம்பு தளரும், மனமும் சோரும். அப்படிப் போய் வென்றவர்களின் வெற்றியை நான் இரட்டிப்பாக மதிக்கிறேன்.

2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேரடிப் பாதையை மீண்டும் திறந்தது. இது பெரிய மாற்றம். 2010-இலோ 2015-இலோ இல்லாத கதவு இன்று இவனுக்குத் திறந்திருக்கிறது. அந்தக் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது அந்தப் பூச்சியின் கையில் இருக்கிறது. வழி இருக்கும்போதே போக வேண்டும் என்பது என் கருத்து.


கேப் தென்கிழக்கு | 9 ஜூலை, இரவு 9.40

போர்ட் லூயி அண்ணன் சொன்னது எனக்கு உறைத்தது. நான் தரையைப் பார்த்தேன், வழியைப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. போவதானால் எப்போது? கோடையில் இங்கே கிங்ஸ் ப்ளேட், மெட் இரண்டும் ஜனவரியில். இரண்டும் வயதுக்கேற்ற எடைப் பந்தயங்கள், அதாவது நல்ல குதிரையை யாரும் எடை போட்டு அழுத்த முடியாது. கிங்ஸ் ப்ளேட் 1600. அதில் அவன் வேகத்தைச் சோதிக்கலாம். பொலிகுதிரைக்கு 1600 மீட்டரில் ஒரு முதல் தர வெற்றி இருந்தால் பெட்டை வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று இங்கே ஏலத்துக்குப் போகும் நண்பர்கள் சொல்கிறார்கள். அக்கா, இது உண்மைதானா?


மிட்லண்ட்ஸ் அக்கா | 10 ஜூலை, காலை 4.50

உண்மை. மிக உண்மை. 2000 மீட்டர் வெற்றி மரியாதை தரும், 1600 மீட்டர் வெற்றி வாடிக்கை தரும். குட்டி வாங்குகிறவர் இரண்டு வயதிலும் மூன்று வயதின் தொடக்கத்திலும் ஓடும் குட்டியைத்தான் தேடுகிறார். வேகம் இருக்கிறது என்று காட்டிய தகப்பனுக்குத்தான் கூட்டம்.

இன்னொன்று. நம் சாம்பியன்களில் எத்தனை பேர் காயடிக்கப்பட்டவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாக்கெட் பவர் மூன்று முறை மெட், நான்கு முறை குயீன்ஸ் ப்ளேட் (இன்றைய கிங்ஸ் ப்ளேட்தான்) வென்றான், 2008 ஜூலையில் டான்ஸர்ஸ் டாட்டரோடு சமமாக வந்தான். ஒரு குட்டிகூட இல்லை. லீகல் ஈகிளுக்கு இல்லை. 2018, 2019 இரண்டு ஜூலைகளையும் வென்ற டூ இட் அகெய்னுக்கு இல்லை. அடங்காத குட்டியைக் காயடித்தால்தான் ஓடும் என்பது பல நேரம் சரி, குறை சொல்லவில்லை. ஆனால் முழுக் குதிரையாகவே இவ்வளவு தூரம் வந்த ஒருவன் கிடைத்திருக்கிறான். நேற்று இரவு கருவுற்ற பெட்டைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி விழுந்து ஒரு மணி நேரத்தில் நாலு காலையும் நாலு திசையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். விழும், மறுபடி எழும். அந்த ஈரக் கால்களில் யாருடைய கால் இருக்கிறது என்று விளக்கைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இவன் காலை அப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.


லாடக்காரர் | 10 ஜூலை, காலை 9.00

நல்லது அம்மா.

1600 பற்றி ஒரு சொல். தூரத்தைக் குறைத்தால் தரைக்கு விழும் அடி கூடும். வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியும் கனம். டர்பன் குளிர்காலத்தில் இரண்டு கடும் பந்தயம் ஓடியவனுக்கு இப்போது வேண்டியது மூன்று மாத ஓய்வு. லாடத்தைக் கழற்றி, வெறுங்காலோடு புல்லில் விட வேண்டும். குளம்பு தன் வடிவத்துக்குத் திரும்பும். மாதக் கடைசியில் சாம்பியன்ஸ் கோப்பைக்கு மறுபடி இறக்கலாம் என்று யாரோ வேறொரு இழையில் எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேண்டாம் என்று சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதி.


சாட்ஸ்வர்த் 25 | 10 ஜூலை, மதியம் 1.10

ஐயா சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் கிரேவில் பேரன் அண்ணா வாயைத் திறக்கவே இல்லையே. இழையைத் தொடங்கிவிட்டு எங்கே போனீர்கள்? 'இங்கேயே ஓராண்டு' என்பதற்குக் காரணம் சொல்லுங்கள். ஏக்கம் மட்டும் போதாது.


கிரேவில் பேரன் | 10 ஜூலை, இரவு 11.35

தம்பி கேட்டது நியாயம். வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

என் தாத்தா 1966 ஜூலையைப் பார்த்தவர். அப்போது நம்மவர்களுக்குத் தனி இடம். வெள்ளையர் மாடம் இருந்த பக்கம் கால் வைக்க முடியாது. நம்மவர் பக்கம் நின்றுதான் சீ காட்டேஜ் என்ற குதிரையைப் பார்த்தார். பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னால், காலைப் பயிற்சி முடிந்து கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போகும்போது அந்தக் குதிரையைத் துப்பாக்கியால் சுட்டார்கள். பின்னந்தொடையில் குண்டு. அதை வெளியே எடுக்கவே இல்லை. பயிற்சியாளர் சிட் லேர்ட் அவனைத் தேற்றி, அந்தக் குண்டோடேயே ஜூலையில் ஓட விட்டார். நான்காவதாக வந்தான். தாத்தா அந்த நான்காம் இடத்தைப் பற்றி ஆயுள் முழுவதும் பேசினார். பந்தயச் சீட்டு தோற்றது, ஆனால் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றாராம். சுற்றி நின்ற எல்லோரும் அப்படியே நின்றார்களாம்.

மறு ஆண்டு, 1967-இல், அதே குதிரை திரும்பி வந்தது. ஜாலிஃபையோடு சமமாக முடித்து ஜூலையை வென்றது. தாத்தாவுக்கு அந்த இரண்டாம் ஆண்டு கிடைத்தது. நான் கேட்பதும் அதே இரண்டாம் ஆண்டைத்தான். தோற்ற இடத்துக்கே ஒரு குதிரை திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். ஏக்கம் என்று நீ சொன்னாய். ஆமாம், ஏக்கம்தான். ஆனால் பந்தயம் பார்க்க வரும் ஆயிரக்கணக்கானவர்களை அந்த ஏக்கம்தான் திடலுக்கு இழுத்து வருகிறது. நல்ல குதிரைகள் மூன்று வயதோடு மறைந்துபோனால் நம் பிள்ளைகள் எதற்காகத் திடலுக்கு வருவார்கள்?

தூரக் கணக்குக்கும் பதில் சொல்கிறேன். கிரேவில் 2200 மற்ற இடத்து 2200 போல் இல்லை. ராயல் டர்பன் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும் திடல். கடைசி வளைவு முடிந்ததும் நேர்ப்பாதை சுமார் 500 மீட்டர்தான். பின்னால் அல்லது வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டால் அதற்குள் பிடிக்க முடியாது. டர்ஃபன்டைனில் ஏற்றமான நீண்ட நேர்ப்பாதையில் மூச்சு தோற்கும், கிரேவிலில் இடம் தோற்கும். 18 குதிரைகள் ஒன்றாக வளையும்போது யாருக்கு எந்தத் தொடக்க வாசல், யார் முன்னால் அடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பார்க்காமல், 200 மீட்டர் அவனுக்கு அதிகம் என்று ஒரே பந்தயத்தை வைத்து எழுதிவிட மாட்டேன். முடிவுக் கம்பத்தைத் தாண்டிய பிறகும் அவன் காதுகள் முன்னே நிமிர்ந்திருந்ததை நான் வேலியிலிருந்து பார்த்தேன். களைத்த குதிரையின் காது அப்படி நிற்காது.


லாடக்காரர் | 11 ஜூலை, காலை 6.15

காதைப் பார்த்தாய் அல்லவா? அது போதும். நீ தாத்தாவின் பேரன்தான்.

சீ காட்டேஜ் கடற்கரைப் பக்கம் நடந்த காலத்தில் நான் சிறுவன். சுட்ட செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை.


போர்ட் லூயி வாசி | 11 ஜூலை, காலை 10.20

பேரன் எழுதியதைப் படித்த பிறகு என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. இரண்டையும் சேர்க்க முடியாதா? மூன்று மாதம் ஓய்வு. அக்டோபர், நவம்பரில் கேப்பில் ஒரு சிறு பந்தயத்தில் உடம்பைச் சூடாக்குவது. ஜனவரியில் கிங்ஸ் ப்ளேட், மெட். அதன் பிறகு கால் எப்படி இருக்கிறது, கொசு எப்படி இருக்கிறது என்று பார்த்து, மார்ச்சில் டுபாயா ஜூலையில் டர்பனா என்று முடிவெடுக்கலாம். இரண்டும் ஒரே ஆண்டில் முடியாது. ஜனவரி வரை இரண்டு கதவையும் மூட வேண்டியதில்லை.


சாட்ஸ்வர்த் 25 | 11 ஜூலை, மதியம் 12.05

ஜனவரி வரை சரி. அதற்குப் பிறகு நான் டுபாய்தான். ஆனால் அண்ணா, அவன் ஜூலைக்கே திரும்பி வந்தால், தாத்தா நின்ற பக்கத்தில் உங்களோடு நானும் நிற்கிறேன். பிரியாணிச் சட்டி என் பொறுப்பு.


மிட்லண்ட்ஸ் அக்கா | 11 ஜூலை, மாலை 6.40

கிங்ஸ் ப்ளேட்டில் 1600 வென்றுவிட்டால் என் ஓட்டு உடனே பண்ணைக்கு மாறிவிடும் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன். பிறகு கட்சி மாறினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. கூழ் ஊற்றும்போது அவன் காலுக்காகவும் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்.


கிரேவில் பேரன் | 11 ஜூலை, இரவு 10.15

போர்ட் லூயி அண்ணன் போட்ட திட்டத்துக்கு நான் உடன்படுகிறேன். மெட் வரை எனக்கு மறுப்பில்லை. மெட்டை மறுபடி வென்றால் டுபாய் போவதையும் எதிர்க்க மாட்டேன், வீடு திரும்பினால் சரி. நான் இதுவரை கெனில்வொர்த்தை நேரில் பார்த்ததில்லை. ஜனவரிக்கு விடுப்பு கேட்டுவிட்டேன். தாத்தாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருகிறேன். கேப் தம்பி, மைதானத்தில் எந்தப் பக்கம் நின்றால் கடைசி 300 மீட்டர் நன்றாகத் தெரியும்?


கேப் தென்கிழக்கு | 11 ஜூலை, இரவு 10.50

வாருங்கள் அண்ணா, என் வீட்டிலேயே தங்கலாம். திடலுக்கு நடந்தே போய்விடலாம். முடிவுக் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேலியோரம் நிற்க வேண்டும். காலை பத்து மணிக்குள் இடம் பிடித்தாக வேண்டும். தொப்பிக்கு மட்டும் தாடைக்குக் கீழே ஒரு கயிறு தைத்துக்கொண்டு வாருங்கள். மதியம் தென்கிழக்குக் காற்று எழுந்தால் தலையில் எதையும் விட்டு வைக்காது.